'வீகன்' என்று எழுதுமுன்: வன்னியில் சவர்க்காரப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்திக்கும் சிறுதொழிலுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும், வடமாகாணத் தொழிற்றுறைத் திணைக்களத்துக்கும், வாழ்வாதாரப் பயிற்சிகளுக்கு நிதி தரும் தொண்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கு நடக்கும் சவர்க்காரப் பயிற்சிகளைப் பற்றியே இந்த மடல். ஒரு நாளில் அல்லது இரண்டு நாளில் பயிற்சி முடிகிறது. கையில் ஒரு சான்றிதழ், ஓர் அச்சு, ஒரு கட்டு லேபல். அந்த லேபலில் 'வீகன்' என்றும் 'விலங்கு வதையற்றது' என்றும் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். பக்கத்தில் ஒரு முயல் படமும் இருக்கும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் அந்தச் சொற்களைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். அவற்றை உண்மையாக்கத் தேவையான எண்ணெயும் மரமும் கைவேலையும் வன்னியில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பயிற்சிகளில் அதற்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை. நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் சவர்க்காரத்தை விற்கும் அந்தப் பெண். அவரை வெறுங்கையோடு அங்கே நிறுத்தாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

'வீகன்' என்பது உள்ளே போன பொருளைப் பற்றிய வாக்கு: விலங்கிடமிருந்து வந்தது எதுவும் அதில் இல்லை. 'விலங்கு வதையற்றது' என்பது பரிசோதனையைப் பற்றிய வாக்கு: பொருளையோ மூலப்பொருளையோ விலங்கில் சோதிக்கவில்லை. தேன் சேர்த்த சவர்க்காரத்தை எந்த விலங்கிலும் சோதிக்காமல் இருக்கலாம். ஆனாலும் அது வீகன் ஆகாது. விலங்குப் பொருள் துளியும் சேராத கிறீமின் ஒரு மூலப்பொருளை எப்போதோ முயலின் கண்ணில் விட்டுப் பார்த்திருக்கலாம். அப்படிக் கண்ணெரிவை அளக்கும் டிரெயிஸ் பரிசோதனை 1944இல் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் செய்து முடித்த அழகுசாதனங்களை விலங்கில் சோதிப்பதை 2004இலும் அவற்றின் மூலப்பொருட்களைச் சோதிப்பதை 2009இலும் தடுத்தது. 2013 மார்ச் 11 முதல் அப்படிச் சோதித்த அழகுசாதனங்களை அங்கே விற்கவும் தடை. இந்தியா 2014இல் சோதனையையும் அத்தகைய பொருட்களின் இறக்குமதியையும் தடைசெய்தது. வளர்த்தெடுத்த மனிதத் தோல் மாதிரியில் எரிச்சலை அளக்கும், ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 439ஆம் இலக்க முறை 2010 முதல் ஏற்கப்பட்டிருக்கிறது. இந்த விடயங்கள் தெரிந்த வாடிக்கையாளர்தான் இந்த லேபலைப் பார்த்து வாங்க வருகிறார். அவர் கட்டாயம் கேள்வி கேட்பார்.

சைவச் சமையல் தெரிந்த நம் பெண்களுக்கு மாட்டுக்கொழுப்பு கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பால், நெய், தேன், தேன்மெழுகு ஆகியவை சைவத்துக்கு ஆகும், வீகனுக்கு ஆகாது என்பதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆட்டுப்பால் சவர்க்காரம் செய்யக் கற்பித்துவிட்டு அதற்கு வீகன் லேபலைக் கொடுப்பது எந்த வகையிலும் சரியல்ல.

அதைவிடச் சிக்கலானவை பெயரில் மறைந்திருப்பவை. சோடியம் டாலோவேட் என்றால் மாட்டுக்கொழுப்பிலோ ஆட்டுக்கொழுப்பிலோ செய்த சவர்க்காரம். லனோலின் செம்மறியாட்டு மயிரிலிருந்து எடுக்கும் பிசுக்கு. செரா அல்பா தேன்மெழுகு. சீஐ 75470 என்று எழுதியிருக்கும் சிவப்பு நிறம், கொச்சினீல் என்ற பூச்சியை அரைத்து எடுத்தது. ஸ்குவாலீன் சுறாவின் ஈரலிலிருந்தும் வரும், ஒலிவிலிருந்தும் வரும். ஸ்டியரிக் அமிலம், கிளிசரின், கிளிசரில் மொனோஸ்டியரேட் மூன்றும் இரண்டு வழியிலும் கிடைக்கின்றன. பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பயிற்சிகளில் அதிகம் பாவிக்கப்படும் உருக்கி ஊற்றும் சவர்க்காரக் கட்டியில் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் இருக்கும். அந்தக் கட்டி எந்தக் கொழுப்பிலிருந்து வந்தது என்று விற்பவர் எழுத்தில் தராதவரை அதில் வார்த்த எதையும் வீகன் என்று விற்கக்கூடாது. வாய்ச்சொல் போதாது. கடைகளில் வடை, மீன் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் சவர்க்காரம் செய்யச் சொல்லும் பயிற்சியும் உண்டு. உடுப்புத் தோய்க்க அது ஆகலாம். ஆனால் அதில் மீன் கொழுப்பு கலந்திருக்கும். எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காரமான கோஸ்டிக் சோடாவின் கணக்கும் சரிவராது.

கணக்கு என்று சொன்னோம். இந்த மடலின் மையம் அதுதான்.

ஒவ்வொரு எண்ணெயின் ஒரு கிராமைச் சவர்க்காரமாக்க எத்தனை கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு 0.183, நல்லெண்ணெய்க்கு 0.134, வேப்பெண்ணெய்க்கு 0.139, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128, இலுப்பெண்ணெய்க்கு ஏறத்தாழ 0.137. ஒரு கிலோ எண்ணெய்க் கலவையை எடுத்துக்கொள்வோம்: தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 150, வேப்பெண்ணெய் 100, ஆமணக்கெண்ணெய் 50. தனித்தனியே பெருக்கினால் 128.1, 20.1, 13.9, 6.4, மொத்தம் 168.5 கிராம். இதை முழுவதும் போடக்கூடாது. கொஞ்சம் எண்ணெய் சவர்க்காரமாகாமல் மிஞ்சினால்தான் தோல் வறளாது. வழக்கமாக 5 வீதம் குறைப்பார்கள். தேங்காய் எண்ணெய் இவ்வளவு கூடிய கலவைக்கு 8 வீதம் குறைப்பது நல்லது. அப்போது 155 கிராம். சந்தையில் கிடைக்கும் கோஸ்டிக் செதில் 98 வீதத் தூய்மை என்றால் 155ஐ 0.98ஆல் வகுத்து 158 கிராம் நிறுக்க வேண்டும். தண்ணீர் 310 கிராம்.

இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். பிறகு ஏன் கையேடுகளில் "கோஸ்டிக் அரைக் கப், எண்ணெய் நான்கு கப்" என்று எழுதுகிறீர்கள்? செதிலும் மணியும் ஒரே கப்பில் ஒரே நிறை கொள்ளாது. கோஸ்டிக் கூடினால் கட்டி வெள்ளையாக உதிரும், தோலை எரிக்கும். குறைந்தால் பிசுபிசுத்து, சில மாதத்தில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து காறல் மணம் வரும். ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு ஒரு கிலோ எண்ணெய்க்குப் போதும். செலவைக் குறைக்க 200 கிராம் எண்ணெயில் பழக்கினால் கோஸ்டிக் 31 கிராம்தான் வரும். அதில் ஒரு கிராம் பிழைத்தாலே 3 வீதம் பிழைத்துவிடும். ஆகவே பயிற்சிக்கும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் எண்ணெய் கொடுங்கள்.

எண்ணெய் கலப்படமாக இருந்தால் கணக்குச் சரியாக இருந்தும் சவர்க்காரம் பிழைக்கும். அந்த 700 கிராம் தேங்காய் எண்ணெயில் பாதி பாம் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம் எண்ணெயின் எண் 0.141. இப்போது மொத்தத் தேவை 153.8 கிராம்தான், நாங்கள் போட்டதோ 155. மிஞ்ச வேண்டிய எண்ணெய் முழுவதும் போய், கோஸ்டிக் மிஞ்சி நிற்கும். செய்த பெண் எந்தப் பிழையும் விடவில்லை, ஆனாலும் கட்டி எரிக்கும். எண்ணெயைத் தெரிந்த ஆலையில், கண்முன் ஆட்டி வாங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வன்னியில் எள்ளு விளைகிறது, வேம்பும் இலுப்பையும் நிற்கின்றன. எண்ணெயின் மூலம் என்ன என்று கேட்டால் ஊரின் பெயரையே பதிலாகச் சொல்லலாம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் இதில் எதையும் தவிர்க்க இடமில்லை. கோஸ்டிக்கைத் தண்ணீருக்குள் போட வேண்டும். கோஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் 80 பாகைக்கு மேலும் சூடேறும்; திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி அறவே வேண்டாம்: கோஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவை எழுப்பும், அது தீப்பற்றும். எவர்சில்வர் அல்லது தடித்த பொலிப்புறொப்பிலீன் வாளி பாவியுங்கள். தோலில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ பூசக்கூடாது; காயத்தின்மேல் இன்னும் சூடு கிளம்பும், கழுவும் நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரைசல் வைக்கும் பாத்திரம் குடிதண்ணீர்ப் போத்தலாக ஒருபோதும் இருக்கக்கூடாது.

இனி எங்கள் ஊரின் தண்ணீரும் மழையும். வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் படையாகும், நுரை எழாது. கோஸ்டிக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீரோ சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரோ எடுக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவர் குளிப்பது கிணற்றுத் தண்ணீரில்தானே. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிற்றிக் அமிலத்தை முதலில் தண்ணீரில் கரைக்க வேண்டும். அது கோஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் சிற்றேற்றாகி, கடினத்தைப் பிடித்து வைக்கும். நீரற்ற சிற்றிக் அமிலம் 10 கிராம் 6.2 கிராம் கோஸ்டிக்கைத் தின்றுவிடும். ஆகவே மேலே சொன்ன 158 கிராமோடு இன்னும் 6 கிராம் கூட்டி நிறுக்க வேண்டும். இதை மறந்தால் சவர்க்காரமாகாத எண்ணெய் கூடுதலாக மிஞ்சி, கட்டி பிசுபிசுக்கும். கடையில் விற்பது நீரேறிய சிற்றிக் அமிலம் என்றால் 5.7 கிராம் போதும்.

மாரியில் திறந்த கோஸ்டிக் பை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நிறை கூடும், வீரியம் கூடாது. அதே 158 கிராமில் உண்மையான கோஸ்டிக் குறைந்துவிடும். 25 கிலோப் பையை வாங்கி ஆளாளுக்குப் பொலித்தீனில் கட்டிக் கொடுப்பதால் வருகிற கேடு இது. வாங்கிய அன்றே ஒரு கிலோ, இரண்டு கிலோ இறுக்கமூடிப் பிளாஸ்ரிக் போத்தல்களில் அடைத்து, 'நஞ்சு' என்று எழுதி, பிள்ளைகளின் கைக்கெட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

வெயிலுக்கும் ஒரு கணக்கு. எங்கள் பகல் வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் உருகியே இருக்கும், அடுப்பில் வைக்கத் தேவையில்லை. கோஸ்டிக் கரைசல் 35 முதல் 40 பாகைக்கு ஆறியபின் எண்ணெயில் ஊற்றி, கரண்டியால் மேலே விட்டால் கோடு அழியாமல் நிற்கும் பதம்வரை கலக்க வேண்டும். கறுவா, கராம்பு எண்ணெய்கள் கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும், தோலையும் உறுத்தும். தொடக்கப் பயிற்சியில் அவை வேண்டாம். இந்தக் கலவையை ஊற்றி 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் வெட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் பின்னேரம்வரை விட்டால் கத்தி பட்டதும் உதிரும்.

தேனுக்குப் பதில் என்ன என்று பெண்கள் கேட்பார்கள். சவர்க்காரத்தில் தேன் செய்யும் வேலை, அதிலுள்ள சீனியால் நுரையைக் கூட்டுவது. அதைப் பனங்கட்டி செய்யும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 முதல் 15 கிராம் பனங்கட்டியை, கோஸ்டிக் போடுமுன் தண்ணீரில் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். கட்டி மண்ணிறமாகும், கூடுதலாகச் சூடேறும். அச்சைத் துணியால் மூடி வைக்க வேண்டாம். பச்சைக் கூட்டுக்குத் தீப்பந்தம் காட்டி எடுத்த தேன், ஒரு குளியலில் கழுவுண்டு போகும் நுரைக்குத் தேவையே இல்லை. ஆட்டுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால்: 310 கிராம் தண்ணீரில் பாதியில் கோஸ்டிக்கைக் கரைத்து, மற்றப் பாதிக்கு முதற்பாலை எண்ணெயோடு சேர்க்க வேண்டும். முதற்பாலிலும் கொழுப்பு உண்டு. அதனால் 8 வீதத்துக்குப் பதில் 5 வீதம் குறைத்தால் சரியாக வரும்.

தேன்மெழுகு இல்லாத உதட்டுக்களிம்புக்குக் கன்டலில்லா மெழுகும் கார்னோபா மெழுகும் உண்டு. இரண்டும் தாவரத்திலிருந்து வருபவை. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகையில், கன்டலில்லா 70 பாகை அளவில், கார்னோபா 80ஐத் தாண்டி. கடினம் கூடியதால் தேன்மெழுகின் அளவில் பாதியே போதும். 100 கிராமுக்குக் கன்டலில்லா 15, கார்னோபா 3, ஆமணக்கெண்ணெய் 40, நல்லெண்ணெய் 27, கொக்கோ வெண்ணெய் 15. தேங்காய் எண்ணெயை நாங்கள் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அது 24, 25 பாகையில் உருகுவது; சித்திரை வெயிலில் டப்பிக்குள் குழம்பாகிவிடும்.

கற்றாழை ஜெல், அரிசி கழுவிய தண்ணீர்க் கிறீம், றோஸ் தண்ணீர் ஆகியவற்றைத் தயவுசெய்து தொடக்கப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் சேர்ந்த எதிலும் பக்ரீறியாவும் பூஞ்சணமும் வளரும். விற்றமின் ஈ எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. சோடியம் பென்சோயேற்று போன்ற காப்புப்பொருள் வேலைசெய்யக் கலவையின் அமிலத்தன்மை பிஎச் 5க்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்கக் கருவி வேண்டும். அதெல்லாம் இல்லாத இடத்தில் தண்ணீரற்ற பொருட்களே நேர்மையானவை: களிம்பு, எண்ணெய், குளியல் மா. பயற்றம் மா 600 கிராம், செவ்வரத்தை இலை, ஆவரசம்பூ, வெந்தயம் ஒவ்வொன்றும் 100, வெட்டிவேர் 50, கஸ்தூரி மஞ்சள் 50. எல்லாவற்றையும் விரலால் ஒடித்தால் முறியும்வரை நிழலில் உலர்த்தி, அரைத்து, இரண்டு தரம் அரித்து, அடைக்குமுன் ஈரமில்லாத பாத்திரத்தில் ஆற வைக்க வேண்டும்.

பனங்களியில் உடுப்புத் தோய்த்த ஊர்கள் இவை. அதிலுள்ள பிளபெலிபெரின் என்ற சபோனின்தான் நுரையைத் தந்தது. இலுப்பைப் பிண்ணாக்கு அரப்பும் சபோனினால்தான் தலையைச் சுத்தமாக்கும். அரப்பைச் செய்து விற்கக் கற்பிக்கும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தச் சபோனின் மீனுக்கு நஞ்சு. அரைத்த பாத்திரத்தைக் குளத்தில் கழுவக்கூடாது. வதையற்ற பொருள் என்று சொல்லி விற்பவர் குளத்து மீனைச் சாகவிடலாகாது.

பரிசோதனைக்கு வருவோம். மஞ்சள் பூசிய கடதாசி சிவந்தால் கோஸ்டிக் கூடிவிட்டது என்று சில இடங்களில் கற்பிக்கப்படுகிறது. இது பிழை. நல்ல சவர்க்காரமும் பிஎச் 9 முதல் 10 வரை காரமானது, எந்தக் கட்டியிலும் மஞ்சள் சிவக்கும். 'பிஎச் 5.5' என்று எண்ணெயில் செய்த சவர்க்காரத்துக்கு எழுதுவதும் இதே காரணத்தால் பொய். சரியான வழி: சீவிய 10 கிராம் சவர்க்காரத்தை நடுநிலையாக்கிய சூடான எத்தனோலில் கரைத்து, காரம் மிஞ்சியிருந்தால் நிறம் காட்டும் பினோப்தலீன் இரண்டு துளி விட வேண்டும். சில கிழமை உலர்ந்து முற்றிய நல்ல கட்டியில் இளஞ்சிவப்பு தோன்றாது. தோன்றினால் 0.1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நிறம் போகும்வரை துளித்துளியாக விட்டு அளந்து (நியமித்து) பார்த்தால், ஒவ்வொரு மில்லிலீற்றரும் 4 மில்லிகிராம் மிஞ்சிய கோஸ்டிக்கைக் காட்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை ஆய்வுகூடத்திலேயே ஆசிரியரின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாதம் ஒரு நாள் இந்த ஒரு சோதனைக்குக் கதவு திறக்கும்படி நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். அதன்பின் தன் முழங்கையின் உட்புறத்தில் பூசி 48 மணித்தியாலம் பார்க்க விருப்பமுள்ள பெரியவர்கள் சங்கத்திலேயே கிடைப்பார்கள். எந்த விலங்கும் தேவைப்படாது.

மூலப்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இது எதிலிருந்து எடுக்கப்பட்டது; இதை விலங்கில் நீங்களோ உங்களுக்காக வேறு யாருமோ சோதித்தீர்களா; சோதித்திருந்தால் எந்த ஆண்டுக்குப் பின் நிறுத்தினீர்கள். பதில் கையெழுத்தோடு, திகதியோடு வர வேண்டும். தனி ஒருத்தி கேட்டால் பெரிய விற்பனையாளர் திரும்பியும் பார்க்கமாட்டார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒரு மாவட்டத்துக்குரிய கோஸ்டிக்கையும் மெழுகையும் ஒன்றாக வாங்கும்போது கேட்டால் பதில் தந்தே ஆக வேண்டியிருக்கும். 'விலங்கு வதையற்றது' என்பதற்கான துள்ளும் முயலும் 'வீகன்' என்பதற்கான சூரியகாந்திப் பூவும் உரிமம் பெற்றவர்கள் மட்டும் போடக்கூடிய பதிவுச் சின்னங்கள். அவற்றையோ அவற்றைப் போல வரைந்த படத்தையோ லேபலில் போடாதீர்கள். ஆதாரம் கையிலிருந்தால் 'விலங்குப் பொருள் சேர்க்கவில்லை' என்று எளிய தமிழில் எழுதி, சேர்த்தவற்றை முழுவதும் வரிசையாகப் போடலாம். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். பாவனையாளரை ஏமாற்றும் கூற்றுகளை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. சொறி, படை மாறும் என்று எழுதினால் பொருள் மருந்தின் பக்கம் போய்விடும்; அங்கே வேறு சட்டம், வேறு அனுமதி.

நிறையிலும் ஒரு பொய் நுழையும். வெட்டியபோது 100 கிராம் இருந்த கட்டி முற்றும்போது தண்ணீர் போய்ப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். லேபலில் எழுத வேண்டியது முற்றியபின் நிறுத்த நிறை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியில் திகதி எழுதி, கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, குறைவது நின்ற பிறகே பொதிசெய்யச் சொல்லுங்கள். கோடையில் நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். மாரியில் அதற்கும் மேல்.

நாங்கள் கேட்பவை இவை. பனருக்கும் உறைக்கும் போகும் காசில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தராசு, ஒரு வெப்பமானி, இரண்டு சோடிக் கண்ணாடியும் கையுறையும் வாங்குங்கள். கணக்கைச் செய்து காட்டாத பயிற்றுநரை அழைக்காதீர்கள். முதல் நாள் பயிற்சி முடிந்து ஆறு கிழமைக்குப் பின் இரண்டாம் நாளை வையுங்கள். அன்று பெண்கள் தாங்கள் செய்த கட்டியை நிறுத்து, சோதித்து, லேபல் எழுதட்டும். கண்காட்சித் திகதியையும் இதற்கேற்ப வையுங்கள். அடுத்த மார்ச் 8 மகளிர் தினச் சந்தையில் ஒரு சவர்க்காரம் இருக்க வேண்டுமென்றால் அது ஜனவரி 25ஆம் திகதிக்குள் அச்சில் ஊற்றப்பட்டிருக்க வேண்டும். அது மாரி முடியும் காலமாதலால் ஜனவரி 10 இன்னும் நல்லது. அதற்குக் கோஸ்டிக்கும் மெழுகும் மூலச் சான்றுகளும் நவம்பரிலேயே கைக்கு வர வேண்டும். விலைமனுவை ஒக்டோபரில் கோருங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் விலங்குப் பொருள் சேராமல் சவர்க்காரமும் களிம்பும் செய்வோர்